மாலை 6.42க்குப் படிக்கப்பட்டது

ஜூன் 4

அன்புள்ள தங்கைக்கு,

ஒன்றேகால் வருடம் கழித்து எழுதுகிறேன். நலம் விசாரிக்க எழுதவில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரியத்துக்காகக் குழைகிறான் என்று பின்னால் நீ சொல்லக் கூடாது. "இனிமே போன் பண்ணாதீங்க, எதுவா இருந்தாலும் எழுதுங்க" என்று கத்திவிட்டு வைத்தவள் நீ. அதன்படியே எழுதுகிறேன்.

உன் கம்பெனியின் மெயில் ப்ரோகிராமைத்தான் இன்னும் வைத்திருக்கிறேன். உன் மேல் உள்ள கோபத்தை அதன் மேல் காட்டவில்லை. முப்பத்தோரு வருடம் ஆபீஸில் தபால் பிரிவில் உட்கார்ந்த பழக்கம் எனக்குப் போகவில்லை. காலை ஒன்பதுக்கு ஒரு முறை, மாலை ஆறரைக்கு ஒரு முறை கடிதங்களை இறக்குவேன். இறக்கியதும் வெளியே எங்கேயும் பிரதி இருக்கக் கூடாது என்று அமைத்திருக்கிறேன். நான் திறக்கும் ஒவ்வொரு கடிதத்துக்கும் தானாக ஒப்புகை போய்விடும். கடிதம் கிடைத்ததா, படித்தாயா என்று யாரும் என்னைக் கேட்டதில்லை.

முந்தாநாள் மாலை என் பெண்ணிடமிருந்து ஒரு கடிதம் வந்தது.

ஆமாம், அவளிடமிருந்துதான். இரண்டு வருடம் கழித்து, ஏதோ புது முகவரியிலிருந்து. தலைப்பு 'அப்பாவுக்கு'. அளவு 212 கேபி என்று காட்டுகிறது. திறந்தால் வெறும் வெள்ளை. ஒரு எழுத்து இல்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன், எழுத்தைப் பெரிதாக்கினேன், பக்கத்தைக் கீழே கீழே இழுத்தேன். இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. 212 கேபிக்கு உள்ளே என்னவோ இருக்கிறது, அது என் கண்ணுக்கு மட்டும் தெரியவில்லை.

இது உன் ப்ரோகிராமின் கோளாறு. சரிசெய்து கொடு.

அண்ணன்

ஜூன் 5

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீஸில் நின்றபடியே படித்தேன், உட்காரத் தோன்றவில்லை. வாலு எழுதியிருக்கிறாள்! எனக்கு எழுதவில்லை, உங்களுக்கு எழுதியிருக்கிறாள். சந்தோஷம்தான். கொஞ்சம் வயிற்றெரிச்சலும் உண்டு, மறைக்கவில்லை.

மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். நீங்கள் வாங்கிக் கொடுத்த ஆபீஸ் வேலையை விட்டு லிஃப்ட் மெக்கானிக் பயிற்சிக்குப் போகிறேன் என்று அவள் வந்தபோது, விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டவள் நான். அதற்காக என்னைத் திட்டினீர்கள், வாங்கிக்கொண்டேன். அப்புறம் ஒரு நாள் "அவ எங்க இருக்கான்னு மட்டும் சொல்லு, தூரத்துல நின்னு பாத்துட்டு வந்துடறேன்" என்று போனில் அழுதீர்கள். நம்பி ஹாஸ்டல் முகவரியைக் கொடுத்தேன். நீங்கள் போய் அவளோடு வேலை செய்கிறவர்கள் எதிரிலேயே, எண்ணெய்க் கறை பிடித்த பெண்ணை யார் கட்டுவான் என்று கத்திவிட்டு வந்தீர்கள். அன்றைக்கே இடம் மாறிவிட்டாள். எனக்குக் கடைசியாக வந்த செய்தி, "அத்தை, நீங்களுமா?" அதற்குப் பிறகு எந்த நம்பரும் வேலை செய்யவில்லை.

சரி, வேலைக்கு வருகிறேன். உங்கள் கம்ப்யூட்டரில் கடிதப் பெட்டி ஒரே ஃபைலாக இருக்கும். அதை எனக்கு அனுப்புங்கள். அரை மணி நேரத்தில் உள்ளே இருப்பதை எடுத்துத் தருகிறேன். எப்படி அனுப்புவது என்று கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன். இன்றே அனுப்புங்கள்.

தங்கை

ஜூன் 6

தங்கைக்கு,

பார்வை: உன் 5ஆம் தேதிக் கடிதம்.

அனுப்ப மாட்டேன்.

என் பெண் எனக்கு எழுதியதை என்னைவிட முன்னால் நீ படிப்பாயா? அவள் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கினால் முதலில் உனக்குத் தெரியும். காய்ச்சல் வந்தால் உனக்குத் தெரியும். வேலையை விட்டது எனக்கு ஒரு மாதம் கழித்துத் தெரிந்தது, உனக்கு அன்றைக்கே தெரியும். பிறந்ததிலிருந்து அவள் விஷயம் எல்லாம் உன் வழியாகத்தான் என் கைக்கு வந்திருக்கிறது. இந்த ஒரு கடிதம் நேராக எனக்கு வந்திருக்கிறது. உறையைப் பிரிக்காமல் கொடு.

நீ சொன்ன 'மூலத்தைக் காட்டு' பொத்தானையும் அழுத்திப் பார்த்தேன். பக்கம் பக்கமாக எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்துகள். ஒன்றும் புரியவில்லை. அதற்குள் எங்கேயோ என் பெண் என்னிடம் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தால் பைத்தியம் பிடிக்கிறது.

அவளிடமே இன்னொரு முறை அனுப்பச் சொல் என்பாய். ஏழு தடவை எழுதி ஏழு தடவையும் அழித்தேன். இரண்டு வருடம் கழித்து ஒருத்தி எழுதுகிறாள், அப்பன் 'உன் கடிதம் தெரியவில்லை' என்று பதில் போட்டால், சாக்குச் சொல்கிறான் என்றுதான் நினைப்பாள். திட்டியிருந்தால் ஒரு பதில், அழுதிருந்தால் வேறு பதில். வந்த கடிதத்தைப் படிக்காமல் நான் பதில் போட்டதே இல்லை. அவள் முகவரியையும் கேட்காதே, தர மாட்டேன்.

ப்ரோகிராமைச் சரிசெய். அதுதானே உன் உத்தியோகம்.

அண்ணன்

ஜூன் 10

அண்ணாவுக்கு,

ப்ரோகிராமின் புதுப் பதிப்பு 7.4 வெளிவந்துவிட்டது. இறக்கிப் போட்டுப் பாருங்கள்.

எப்படி வெளிவந்தது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே நாலே பேர். மேனேஜரிடம் உங்கள் பிழையைக் கொண்டுபோனேன். "எத்தனை பேருக்கு வருது?" என்றார். "ஒருத்தருக்கு" என்றேன். "அப்போ வரிசைல கடைசி" என்றார். அந்த ஒருத்தர் என் அண்ணன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் கடைசிக்குப் போயிருக்கும். நாலு நாளாக என் வேலையை முடித்துவிட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் உங்கள் பிழையைத் தேடினேன். கடிதத்தைக் கண்ணால் பார்க்காமல் தேடுவது, பேஷண்டைப் பார்க்காமல் மருந்து எழுதுகிற கதைதான்.

வெளியீட்டுக் குறிப்பை உங்களுக்காகத் தமிழில் தருகிறேன். புதியவை: ஒரே பேச்சுவார்த்தையைச் சேர்ந்த கடிதங்கள் ஒன்றாக அடுக்கப்படும், கண் கூசாத கறுப்புத் திரை, எழுதிய கடிதத்தை நாம் சொன்ன நேரத்தில் அனுப்பும் வசதி. சரிசெய்தவை: தேடலில் பழைய கடிதங்கள் விடுபட்டது, அச்செடுத்தால் கடைசி வரி வெட்டுப்பட்டது, படத்தோடு வரும் சில கடிதங்கள் காலியாகத் தெரிந்தது. அந்தக் கடைசி வரி உங்களுடையது. 'சில' என்று போட்டது நான்தான், ஒரே ஒரு கடிதம் என்று போட மனம் வரவில்லை.

தங்கை

ஜூன் 11

தங்கைக்கு,

பார்வை: உன் 7.4.

வெள்ளையாக இருந்த கடிதம் இப்போது கறுப்பாக இருக்கிறது. உன் புது வசதி அவ்வளவுதான் செய்தது. பதில் எழுதும் பொத்தானை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் தூக்கிப் போட்டிருக்கிறீர்கள். யார் கேட்டார்கள்? அதைத் தேடவே எனக்குக் கால் மணி நேரம் ஆனது. ஒப்புகை அமைப்பில் மட்டும் கைவைக்காமல் விட்டிருக்கிறீர்கள், அந்த மட்டில் சரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'ஒரே பேச்சுவார்த்தை' என்று அடுக்குகிறாயே, என் பெண்ணின் கடிதத்துக்குக் கீழே பழையது ஒன்றும் இல்லாமல் அது தனியாக நிற்கிறது. அவள் வீட்டில் இருந்த இருபத்து நாலு வருடத்தில் நாங்கள் ஒருவருக்கு ஒருவர் எழுதிக்கொள்ளத் தேவை இருக்கவில்லை. பேசியும் பெரிதாகக் கிழிக்கவில்லை.

ஏதாவது செய், அம்மா.

அண்ணன்

ஜூன் 14

அண்ணா,

7.4.1 போட்டிருக்கிறோம். ஒரே ஒரு திருத்தத்துக்காக ஒரு வெளியீடு. மேனேஜர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. இதுவும் ஊகம்தான். இனிமேல் என்னிடம் ஊகம்கூட மிச்சம் இல்லை.

கெஞ்சிக் கேட்கிறேன், ஃபைலை அனுப்புங்கள். நான் படிக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ண முடியாது, எது எழுத்து எது குப்பை என்று பார்க்காமல் பிரிக்க முடியாது. ஆனால் படித்ததை மறந்துவிடுகிறேன். அவள் என்னைத் திட்டியிருந்தாலும் மறந்துவிடுகிறேன். பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. உடம்பு சரியில்லை என்று எழுதியிருந்தால்? ஏதோ சிக்கலில் மாட்டிக்கொண்டு உதவி கேட்டிருந்தால்? மேலேயிருந்து கீழே பார்த்தால் தலை சுற்றுகிற வேலை அவளுடையது. அதையாவது யோசித்தீர்களா?

என் மேல் இருக்கிற கோபத்தைப் பிறகு ஆற அமரத் தீர்த்துக்கொள்ளலாம். நான் எங்கேயும் போய்விட மாட்டேன். அவள் அப்படியில்லை.

தங்கை

ஜூன் 16

தங்கைக்கு,

தெரிகிறது. கொஞ்சம் தெரிகிறது.

7.4.1 போட்டதும் கடிதத்தின் மேல் பக்கத்தில் ஒரு போட்டோ வந்தது. முழுசாக இல்லை, கால்வாசி. மஞ்சள் ஹெல்மெட், அதற்குக் கீழே நெற்றி, புருவம். அதோடு சரி. அதற்குக் கீழே சாம்பல் நிறம்.

புருவம் அவள் அம்மாவுடையது, உனக்கே தெரியும். என் மனைவி போய் ஒன்பது வருடம் ஆகிறது. அந்தப் புருவத்தை மறுபடி பார்த்துவிட்டு நான் அழுதேன். சிரிக்கிறாளா முறைக்கிறாளா என்று புருவத்தை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்க்கிறேன். காலையில் பார்த்தால் சிரிக்கிற மாதிரி இருக்கிறது. மாலையில் பார்த்தால் அப்படி இல்லை. எழுத்து இன்னும் வரவில்லை.

இன்னும் கொஞ்சம்தானே பாக்கி. கண்வரைக்கும் வந்துவிட்டாய் என்றால் வாய்க்கும் வந்துவிடலாம். அடுத்த வெளியீடு எப்போது?

அண்ணன்

ஜூன் 19, மாலை

தங்கைக்கு,

மூன்று நாளாக உன்னிடமிருந்து எழுத்து இல்லை. உன் கோபம் நியாயம்தான்.

ஃபைலை இத்துடன் அனுப்புகிறேன். முடியவில்லை, அம்மா. நீயே முதலில் படி. அவள் என்னை எவ்வளவு திட்டியிருந்தாலும் ஒரு வார்த்தை குறைக்காமல் அனுப்பு.

அண்ணன்

ஜூன் 20, மாலை

அண்ணா,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

காலை ஒன்பதரைக்கு ஆபீஸுக்கு வந்ததும் ஃபைலைத் திறந்தேன். நான் அன்று சொன்ன அரை மணி நேரம்கூட ஆகவில்லை, பதினோரு நிமிஷம்தான். படத்தையும் எழுத்தையும் பிரித்துக் காட்ட நடுவில் ஒரு குறி இருக்கும். அவளுடைய போன் அதை வைக்கிற இடம் வேறு, நம் ப்ரோகிராம் தேடுகிற இடம் வேறு. குறி கிடைக்காததால் உள்ளே ஒன்றுமே இல்லை என்று அது முடிவு கட்டிவிட்டது. 7.4.1இல் நான் ஊகித்த இடம் படத்தின் நடுவில் விழுந்திருக்கிறது, அதனால்தான் உங்களுக்குக் கால்வாசி முகம். அவ்வளவுதான் விஷயம். இதோ, அவள் எழுதியது அப்படியே:

'அப்பா, நல்லா இருக்கீங்களா? பிரஷர் மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா? போட்டோ பாருங்க. இருபத்திரண்டு மாடிக் கட்டடம், மூணு லிஃப்ட்டும் நானும் இன்னும் ரெண்டு பேரும் சேர்ந்து மாட்டினது. முதல் நாள் நான்தான் அதுல ஏறி மேல போனேன். உங்களை ஒரு தடவை கூட்டிட்டுப் போய்க் காட்டணும்னு இருந்துச்சு.

கம்பெனி என்னை வெளிநாட்டுக்கு அனுப்புது. அஞ்சு வருஷ ஒப்பந்தம். 20ஆம் தேதி மதியம் விமானம். அதுக்கு முன்னாடி ஒரு நாள் வீட்டுக்கு வரணும். சண்டை போட இல்லை. சும்மா சமையலறையில உங்களோட உட்கார்ந்து சாப்பிட்டுட்டுப் போறேன். வான்னு ஒரு வார்த்தை எழுதுங்க, போதும். நீங்க கூப்பிடாம வர எனக்குத் தைரியம் இல்லை, அன்னிக்கு ஹாஸ்டல்ல நடந்தது இன்னும் போகலை.

படிச்சுட்டும் பதில் போடலைன்னா புரிஞ்சுக்குவேன். கோபப்பட மாட்டேன். கிளம்பற அன்னிக்கு இந்த முகவரியை மூடிடுவேன். அத்தைகிட்ட சொல்ல வேண்டாம், எனக்காக உங்ககிட்ட வந்து கெஞ்சுவாங்க.'

தேதியைப் பார்த்தேன், இன்றைக்கு. பையைக்கூட எடுக்காமல் டாக்ஸி பிடித்தேன். உங்களுக்கு மெயில் போட்டுப் பிரயோஜனம் இல்லை, இனி மாலை ஆறரைக்குத்தான் தபால் கட்டைப் பிரிப்பீர்கள். போன் அடித்தேன். டாக்ஸியிலிருந்து மூன்று தடவை. நீங்கள் எடுக்கவில்லை.

விமான நிலைய வாசலில் ஒரே மாதிரிப் பை வைத்துக்கொண்டு ஏழெட்டு ஆண்கள் வரிசையில் நின்றார்கள், நடுவில் அவள். இளைத்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் முகம் ஒரு நொடி மலர்ந்தது. அப்புறம் என் பின்னால் எட்டிப் பார்த்தாள், நீங்கள் வந்திருக்கிறீர்களா என்று.

"அப்பா உன் கடுதாசியைப் படிக்கவே இல்லடி" என்றேன். "ப்ரோகிராம் கோளாறு. வெறும் வெள்ளையா தெரிஞ்சிருக்கு. நானே இப்பத்தான் திறந்தேன்."

அவள் போனை எடுத்துக் காட்டினாள். 'உங்கள் கடிதம் ஜூன் 2, மாலை 6.42க்குப் படிக்கப்பட்டது.'

"அனுப்பின அன்னிக்கே வந்துச்சு அத்தை. பதினெட்டு நாளா தினமும் எடுத்துப் பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றாள். "அப்பா படிச்சுட்டார். பதில் போட வேண்டாம்னு முடிவு பண்ணிட்டார். பரவால்ல."

"இல்லடா, திறந்தாலே அது தானா போயிடும். உள்ள எழுத்து தெரியுதா இல்லையான்னு அது பாக்காது."

"நீங்க எழுதின ப்ரோகிராம்தானே அத்தை? பொய் சொல்லுமா அது?"

"சொல்லும், கண்ணு. சொல்லிடுச்சு."

அவள் சிரித்தாள். "அப்போ ஹாஸ்டல் முகவரியக் குடுத்தீங்க, அப்பா தூரத்துல நின்னு பாத்துட்டுப் போயிடுவார்னு. இப்போ இது. நீங்க நல்லவங்க அத்தை, ரெண்டு பக்கமும் ஒட்டப் பாக்கறீங்க. விட்டுடுங்க."

நான் அவள் எதிரிலேயே உங்களுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நின்றுபோனதும் "இன்னொரு தடவை" என்று சொன்னது அவள்தான், அண்ணா. நான் இல்லை. அவள்தான். இன்னொரு தடவையும் அடித்தேன். அதுவும் நின்றது. வரிசை நகர்ந்தது. "மாத்திரை சாப்பிடறாரான்னு மட்டும் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆபீஸுக்குத் திரும்பி வந்து மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காட்ட முடியாத கடிதத்தைப் படித்துவிட்டதாகச் சீட்டு அனுப்பும் அந்தப் பகுதியை எழுதியது நான்தான், நாலு வருடத்துக்கு முன்னால். நாளைக்கே திருத்தி வெளியிடுவோம், குறிப்பை நீயே எழுது என்றார். எழுதிவிட்டேன்: 'கடிதம் திரையில் தெரிவதற்கு முன்பே ஒப்புகை அனுப்பப்பட்ட பிழை சரிசெய்யப்பட்டது.' ஒரு வரிதான் வந்தது.

ஏன் போனை எடுக்கவில்லை?

தங்கை

ஜூன் 21

அன்புள்ள தங்கைக்கு,

போன் என் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருந்தது. ஐந்து தடவையும் உன் பெயர் தெரிந்தது. கடிதத்தைப் படித்துவிட்டாய், அதை உன் வாயால் சொல்லப் போகிறாய் என்று நினைத்தேன். அவள் எழுதியதை அவள் எழுத்திலேயே படிக்க வேண்டும், மாலை வரைக்கும் பொறுப்போம் என்று உட்கார்ந்திருந்தேன். போன் வேண்டாம் என்று சொன்னவளே அடிக்கிறாள், கொஞ்சம் அடிக்கட்டும் என்றும் நினைத்தேன். பொய் சொல்லிப் பிரயோஜனம் இல்லை, அதையும் நினைத்தேன். கடைசி இரண்டு மணியும் அவள் கேட்டது என்று எனக்குத் தெரியாது.

'வா' என்று நேற்று மாலையே அவளுக்கு எழுதினேன். அப்படி ஒரு முகவரி இல்லை என்று உடனே திரும்பிவிட்டது.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், யாரிடமும் சொன்னதில்லை. ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம் என் மேஜைக்கு ஓர் ஆள் வந்தார். லாரி டிரைவர். வீட்டைக் காலி பண்ணச் சொல்லி எங்கள் ஆபீஸ் அனுப்பிய நோட்டீஸ் தன் கைக்கு வரவே இல்லை, வந்திருந்தால் கெடுவுக்குள் வந்திருப்பேன் என்றார். நான் ஒப்புகைச் சீட்டை எடுத்து அவர் எதிரில் வைத்தேன். 'கையெழுத்து இருக்கு பாருங்க' என்றேன். 'சார், அது என் கையெழுத்து இல்ல, யாரோ வாங்கியிருக்காங்க சார்' என்று சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அடுத்த ஆளை வரச் சொன்னேன். அவர் வெளியே பெஞ்சில் சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தார். நான் வேறு வழியாக வீட்டுக்குப் போனேன். இப்படி எத்தனை பேர், எனக்கே நினைவில்லை. சீட்டு இருந்தால் சீட்டைத்தான் நம்புவேன். மனிதனை நம்பினதில்லை.

அதனால் நீ உன்னை நொந்துகொள்ளாதே. அவள் நம்பாததில் ஒரு தப்பும் இல்லை. அவளிடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அந்தப் போனில் தெரிந்த ஒரு வரியைத்தான் நம்பியிருப்பேன், எதிரே அழுதுகொண்டு நிற்கிற அத்தையை நம்பியிருக்க மாட்டேன். உன்னோடு ஒட்டி வளர்ந்தாள், உன்னைப் போல இருக்கிறாள் என்று இத்தனை வருடம் எரிந்துகொண்டிருந்தேன். அவள் அப்படியே என்னைப் போல இருக்கிறாள்.

இன்று காலை பாஸ்போர்ட் ஆபீஸுக்குப் போய் விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். ஆறு வாரம் ஆகும் என்கிறார்கள். அவளுடைய கம்பெனி எது, அங்கே எந்தக் கட்டடத்தில் வேலை என்று மட்டும் எப்படியாவது விசாரித்துச் சொல். மெயில் முகவரி வேண்டாம், நான் எழுதப் போவதில்லை. நேரில் போய் அந்தக் கட்டட வாசலில் நிற்கப் போகிறேன். அவள் வந்து பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனாலும் போகட்டும், மறுநாளும் நிற்பேன்.

நீயும் கூட வா. தனியாகப் போக எனக்குப் பயமாக இருக்கிறது.

அண்ணன்